ஷாங்காய், சுஜோ, நான்ஜிங், ஹாங்ஜோ: பெற்றோருடன் 9 நாள், திட்டம் சரியா?

வைகைக்கரை:
அப்பா (68), அம்மா (64), தம்பி, நான் என நாலு பேர் சென்னையிலிருந்து போகிறோம். செப்டம்பர் 28 ஷாங்காயில் இறங்கி அக்டோபர் 6 கிளம்புவதாக உத்தேசம். விசா கையில் இருக்கிறது, விமான டிக்கெட் இன்னும் போடவில்லை. ஷாங்காயிலேயே ஓட்டல் எடுத்துக்கொண்டு மற்ற மூன்று ஊருக்கும் காலையில் ரயிலில் போய் இரவு திரும்பலாமா? அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. ரயில் டிக்கெட்டில் அதை எப்படி நிரப்புவது? பணத்துக்கு என்ன வழி? அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு.

தண்டவாளம்:
முதலில் தேதியை மாற்றுங்கள். அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவின் தேசிய தின விடுமுறை. நாடே கிளம்பி ஊர் சுற்றும் வாரம் அது. ரயில் டிக்கெட் பயணத்துக்கு 15 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். அந்த வாரத்து டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். சுஜோ தோட்டங்களில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். வயதானவர்களுடன் வேண்டவே வேண்டாம். அக்டோபர் 10க்கு மேல் போனால் கூட்டம் வடிந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும்.

அடுத்தது, ஷாங்காயையே மையமாக வைத்து ஓடுவது. சுஜோவுக்கு அது சரி, அரை மணி நேரம்தான். நான்ஜிங்கைக் காலையில் போய் இரவு திரும்பிப் பார்ப்பது வீண் அலைச்சல். நான்ஜிங்கிலிருந்து ஹாங்ஜோவுக்கு 2013 முதல் நேரடி அதிவேகப் பாதை இருக்கிறது. அதனால் ஷாங்காய் → சுஜோ → நான்ஜிங் → ஹாங்ஜோ → ஷாங்காய் என்று முக்கோணமாகச் சுற்றி வாருங்கள். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு பயணமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும்.

பலர் கோட்டை விடுவது ஸ்டேஷன் பெயரில். ஊருக்கு ஊர் இரண்டு மூன்று ஸ்டேஷன் உண்டு. சுஜோவுக்கு 'சுஜோ' என்றே எடுங்கள். 'சுஜோ வடக்கு' பழைய நகரத்திலிருந்து வெகு தூரம், 10 நிமிடம் சீக்கிரம் போகும் ரயிலில் ஏறி மெட்ரோவில் அரை மணி நேரத்தை இழப்பீர்கள். நான்ஜிங்கிலிருந்து ஹாங்ஜோ ரயில்கள் பெரும்பாலும் 'நான்ஜிங் தெற்கு' ஸ்டேஷனில் கிளம்பும். 'நான்ஜிங்', 'நான்ஜிங் தெற்கு' இரண்டையும் மெட்ரோ 1ஆம் தடம் இணைக்கிறது. ஹாங்ஜோவில் 'ஹாங்ஜோ கிழக்கு' வரை வரும் ரயில்தான் அதிகம். அங்கிருந்து மெட்ரோ 1ஆம் தடத்தில் லோங்ஷியாங்ச்சியாவ் நிலையத்தில் இறங்கினால் சிறிது தூர நடையில் மேற்கு ஏரி.

பெயர் விஷயம்: பாஸ்போர்ட் புகைப்படப் பக்கத்தின் அடியில், அம்புக்குறி போன்ற << அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கிறது பாருங்கள். அதில் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அதையே போடுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து எழுதாதீர்கள். குடும்பப் பெயர் கட்டாயம் என்று செயலி அடம்பிடித்தால், முன்பதிவு நிறுவனத்தின் உதவி மையத்தில் கேட்டபின் நிரப்புங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் உள்ளே விடமாட்டார்கள், ஏனென்றால் அங்கே பாஸ்போர்ட்தான் டிக்கெட். காகிதம் எதுவும் தேவையில்லை. தானியங்கிக் கதவு சீன அடையாள அட்டைக்கானது. பல இடங்களில் அது நம் பாஸ்போர்ட்டைப் படிக்காது, ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள். ரயில் கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். ஷாங்காயின் ஹோங்ச்சியாவ் ரயில் ஸ்டேஷன் ஒரு விமான நிலையம் அளவுக்கு விரிந்தது, 45 நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள். 120 மில்லிக்கு மேற்பட்ட ஸ்ப்ரே, காய்கறிக் கத்தி இரண்டும் பறிபோகும்.

சில்லறை:
பணம் பற்றி. அங்கே எல்லாம் கியூஆர்தான், நம் யுபிஐ உதவாது. அங்கே பணம் கட்டும் சீனச் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டும் இந்தியாவில் 2020இல் தடைசெய்யப்பட்டவை, சென்னையில் உட்கார்ந்து செயலியை இறக்க முடியாது. வழியில் விமானம் மாறும் ஊரிலோ ஷாங்காயில் இறங்கியதுமோ போட்டுக்கொள்ளுங்கள். அலிபே ஒன்றே போதும். ஆப் ஸ்டோர் கணக்கு இந்தியாவில் பதிவாகியிருந்தால் நாட்டை மாற்றாமல் செயலி தெரியாது, இதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

வீசா அல்லது மாஸ்டர்கார்டு இணையும், ரூபே இணையாது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள். கார்டை இணைக்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் இல்லாவிட்டால் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டணத்துக்கும் 3% கூடுதலாகப் பிடிப்பார்கள், அதற்குக் கீழே கிடையாது. அதனால் சாப்பாட்டு பில் பெரிதானால் இரண்டு போனில் பிரித்துக் கட்டுங்கள். முதல் இரண்டு நாளுக்கு ஆயிரம் யுவான் ரொக்கம், 10, 20 நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும்.

வாட்ஸ்ஆப், கூகுள் இரண்டும் சீனாவில் முடக்கப்பட்டவை, ஓட்டல் வைஃபையில் ஓடாது. ரோமிங் சிம்மில் ஓடும், ஏனென்றால் அந்த இணையம் நம் நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றி வருகிறது.

வைகைக்கரை:
மிக்க நன்றி. அக்டோபர் 12க்கு மாற்றிவிடுகிறோம். நான்ஜிங்கில் 2 இரவு போதுமா? சாப்பாட்டையும் யாராவது சொல்லுங்கள்.

கீரைத்தண்டு:
இரண்டு இரவு போதும், ஆனால் திங்கட்கிழமையில் மாட்டாதீர்கள். நான்ஜிங் அருங்காட்சியகம், ஜப்பானியப் படை நடத்திய நான்ஜிங் படுகொலையின் நினைவகம், சீனக் குடியரசை நிறுவிய சன் யாட்-சென்னின் சமாதி, சுஜோ அருங்காட்சியகம் எல்லாம் வழக்கமாக அன்று மூடியிருக்கும். அனுமதி இலவசம்தான் என்றாலும் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு வேண்டும். சமாதிக்கு 392 படி. அப்பா முழங்காலோடு ஏற வேண்டாம். நான்ஜிங் ஸ்டேஷன் வாசலிலேயே ஷுவான்வு ஏரி, கரை முழுக்கச் சமதளம், அங்கே உட்காரட்டும். ஹாங்ஜோவில் மேற்கு ஏரிக்குக் கட்டணமில்லை. படகில் ஏறி நடுத்தீவுக்குப் போனால், நீரில் நிற்கும் மூன்று கல் விளக்குகளைப் பார்க்கலாம். 1 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பவை அவைதான்.

அம்மாவின் சாப்பாட்டில் கவனம் தேவை. வெறும் கீரை வதக்கல் என்று வாங்கினாலும் பன்றிக்கொழுப்பிலோ சிப்பி சாஸிலோ வதக்கியிருப்பார்கள். நூடுல்ஸில் மேலே கறி இல்லாவிட்டாலும் குழம்பு எலும்பில் காய்ச்சியது. லான்ஜோ நூடுல்ஸ் கடைகளில் பன்றி கிடையாது, ஆனால் மாட்டுக் குழம்பு. 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சி, மீன், முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், எலும்புக் குழம்பு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய படத்தைப் போனில் வைத்துச் சமையல்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.

நம்பிச் சாப்பிட பௌத்தக் கோயில் உணவகங்கள் இருக்கின்றன. ஷாங்காய் ஜேட் புத்தர் கோயிலில் காளான் நூடுல்ஸ் கிடைக்கும். ஹாங்ஜோ லிங்யின் கோயிலிலும் சைவ நூடுல்ஸ் உண்டு. ஷாங்காயில் கோங்தலின் 1922 முதல் நடக்கும் சைவ உணவகம். அங்கே மெனுவில் 'வாத்து', 'நண்டு' என்று பெயர் இருந்தால் அம்மா பயப்பட வேண்டாம், எல்லாம் சோயாவிலும் காய்கறியிலும் செய்தவை. முட்டையை மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் கிடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் இறைச்சி. பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாய் இருக்கிறது, அதனால் அவல் உப்புமா கலவையும் ஒரு மூடி போட்ட டம்ளரும் கொண்டுபோனால் போதும்.