கண்மாயைத் தூர் வாருமுன் ரோட்டுத் தண்ணீரைத் திருப்புவோம்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பெரிய கண்மாயைத் தூர் வாரப் பணம் திரட்டலாம் என்று துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் ஊர்க்காரர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நல்ல காரியம், என் பங்கும் உண்டு. ஆனால் பொக்லைனுக்கு வாடகை பேசுமுன், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ரோட்டை மேடாக்கிப் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை. முன்பெல்லாம் மேட்டுப் புஞ்சையில் பெய்த மழை பரவலாக இறங்கி, நாலைந்து இடத்தில் வரத்துக்காலில் சேரும். இப்போது ரோடே குறுக்கே கரையாக நிற்கிறது. தண்ணீர் அதன் ஓரமாகவே ஓடி, அய்யனார் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற ஒற்றைக் குழாய்ப் பாலத்தில் மொத்தமாகப் பாய்கிறது. அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்மண் முழுக்க அறுத்துப்போய் அடியில் சரளை தெரிகிறது, ஓரத்து வேலமரங்களின் வேர் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த வேகத்தில் பாதித் தண்ணீர் வரத்துக்காலை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது. மீதித் தண்ணீர் அறுத்த மண்ணையும் சுமந்து வந்து கண்மாயில் இறக்குகிறது. நாம் காசு கொடுத்து வாரப்போகிற தூர் அதுதான். இதைச் சரிசெய்யாமல் வாரினால் சில மழைக்காலத்தில் மறுபடி மேடாகிவிடும்.

ரோட்டில் மட்டும் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பாருங்கள். 3.75 மீட்டர் அகலக் கிராமச் சாலையில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 4 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,50,000 லிட்டர். தாரில் ஊறுவது சொற்பம். மேட்டிலிருந்து வந்து ரோட்டில் முட்டுகிற தண்ணீர் தனி, அது இதைவிடப் பல மடங்கு.

நான் இருக்கிற கென்யாவில், நைரோபியிலிருந்து மொம்பாசா போகிற வழியில் மக்குவேனி என்று ஒரு வறண்ட மாவட்டம். கம்பா இன மக்களின் பூமி. அங்கேயும் செம்மண்தான், நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற அதே மாதங்களில்தான் அவர்களுக்கும் நம்பகமான மழை. அங்கே விவசாயிகள் சாலையோரத் தண்ணீரையும் பாலத்துத் தண்ணீரையும் சின்ன வாய்க்கால் வெட்டித் தங்கள் தோட்டத்துக்குத் திருப்புகிறார்கள். உள்ளே சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாகப் பள்ளம் தோண்டி, தோண்டிய மண்ணை மேல்பக்கம் வீசி வரப்பாக்கியிருப்பார்கள். தண்ணீர் அதில் நின்று நிதானமாக இறங்கும். அந்தப் பள்ளத்தை ஒட்டி வாழையும் மாவும் நிற்பதைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து கிடுயி மாவட்டத்தில் மணல் ஆறுகளின் குறுக்கே குட்டைச் சுவர் எழுப்புகிறார்கள். மேல்பக்கம் மணல் சேர்ந்து, மணலுக்குள் தண்ணீர் தங்கும், வெயிலில் சீக்கிரம் வற்றாது. ரோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் தரைப்பாலத்தையே கொஞ்சம் உயர்த்திக் கட்டினாலும் அதே வேலை நடக்கும். எத்தியோப்பியாவின் திக்ரேயில், ரோட்டுக்கு மண் எடுத்த குழிகளைக் குளமாக்கினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். தண்ணீரை ஒரே இடத்தில் குவிய விடாமல், முன்பு தண்ணீர் இறங்கிய வாட்டம் இருந்த இடங்களிலெல்லாம் குழாய் போட்டுக் கடத்த வேண்டும். குழாயின் வாய்க்கு முன்னால் கல் பரப்ப வேண்டும். ஏற்கெனவே அறுத்துப்போன பள்ளத்தில் குறுக்கே தணிவான கல் தடுப்புகள். கண்மாய்க்குள் நுழையுமுன் ஒரு வண்டல் குழி, ஆண்டுதோறும் அள்ளிப் புஞ்சையில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், குடிக்கிற ஊருணிக்கு மட்டும் ரோட்டுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தார், எண்ணெய், டயர்த் தூசு எல்லாம் அதில் கலந்து வரும்.

ரோடு நம்முடையதல்ல. அனுமதியில்லாமல் கைவைக்க முடியாது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைத்தால் கல் தடுப்பையும் வரத்துக்கால் சீரமைப்பையும் அரசின் ஊரக வேலைத் திட்டத்திலேயே கேட்கலாம். குழாய்ப் பாலத்துக்குத்தான் மனுவும் அலைச்சலும் தேவைப்படும், நம் பணமும் அங்கேதான் உதவும். கீழூர்க்காரர்களையும் முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும். நம் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிகிற தண்ணீரை நம்பித்தான் அவர்கள் கண்மாய் இருக்கிறது.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் மாமா மட்டம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புரட்டாசியில் ஊருக்குப் போகிறவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். மழை பெய்கிற அன்றைக்கே குழாய்ப் பாலத்தை வீடியோ எடுத்து அனுப்பினால் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.