மரினாவில் படகு இன்சூரன்ஸ் செல்லாது என்கிறார்கள், அவசர உதவி

நூல்கடை திருப்பூர்: வணக்கமுங்க. கொச்சியில் ஒரு மரினாவில் (படகு நிறுத்தும் துறை) படகு கட்ட இடம் கேட்டிருந்தோம். இன்சூரன்ஸ் பேப்பரைக் கொடுத்தால், செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். பாலிசி மார்ச் வரை இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் முடிக்காவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். என்ன செய்யலாம்?

கூடுதுறை: என்ன படகுங்க? மோட்டாரா, பாய்மரமா? என்ன பாலிசி? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் ஜோசியமா பார்ப்பது?

நூல்கடை திருப்பூர்: 24 அடி பைபர் படகு, அவுட்போர்டு மோட்டார். நானும் பொள்ளாச்சி மச்சானும் பாதிப் பாதி. பாலிசி எட்டு லட்சத்துக்கு.

பழைய சர்வேயர்: எட்டு லட்சம் படகின் மதிப்பு, தம்பி. படகு உடைந்தால் உங்களுக்கு வரும் பணம். அதில் மரினாக்காரருக்கு என்ன? காற்றில் கயிறு அறுந்து உங்கள் படகு பக்கத்துப் படகை இடித்தால், பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்தால், மூழ்கிப்போய் அதைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டி வந்தால் யார் கொடுப்பது? அவர் கேட்பது அதைத்தான். தேர்ட் பார்ட்டி பொறுப்பு எத்தனை ரூபாய்க்கு என்று பாலிசியில் பாருங்கள். இதை இங்கேயே பத்து தடவை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

கூடுதுறை: மரினா பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். நூற்றுக்கு நூறு அதுதான்.

சங்ககிரி லாரி: செகண்ட் ஹேண்டா? அப்படியிருந்தாலும் பயமில்லைங்க. ஆர்சி மாறினால் தேர்ட் பார்ட்டி தானாகவே வாங்கினவர் பெயருக்கு வந்துவிடும், 14 நாளுக்குள் கம்பெனிக்குச் சொன்னால் போதும். எத்தனை லாரி கைமாற்றியிருக்கிறேன்!

பழைய சர்வேயர்: அது மோட்டார் வாகனச் சட்டம். படகுக்கு டயர் இருக்கிறதா? படகை விற்றதுமே பாலிசி முடிந்தது, கம்பெனி எழுத்தில் சம்மதித்தால்தான் தொடரும் என்று பல படகு பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம்.

சங்ககிரி லாரி: படிப்பெல்லாம் உங்களோடயே இருக்கட்டும். பூலாம்பட்டியில் பைக்கோடு படகேறி, காவிரியைத் தாண்டி நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குகிறோம். பாலிசியைப் பார்த்துவிட்டா ஏறுகிறோம்?

கூடுதுறை: நீங்கள் பார்க்கவில்லை என்றால் அவர்களிடம் இல்லை என்றாகிவிடுமா அண்ணா? 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி மோட்டார் வைத்த கலத்துக்குப் பதிவு, சர்வே (கலத்தின் தகுதிச் சோதனை), இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும்.

சங்ககிரி லாரி: அப்போ பரிசலுக்கு?

கூடுதுறை: பரிசலுக்கு ஏது மோட்டார்? மேட்டூர் அணைப் பக்கம் பண்ணவாடித் துறையில் போய் பாலிசி கேட்டுப் பாருங்கள், பரிசல்காரர் துடுப்பாலேயே போடுவார்.

பழைய சர்வேயர்: மோட்டார் இல்லாத கலத்துக்கும் அதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

கொடிவேரி மீன்: ஏனுங்க, கேள்வி கேட்டவர் எங்கே?

நூல்கடை திருப்பூர்: மன்னிக்கணும், கடையில் வேலை. செகண்ட் ஹேண்டுதாங்க, சொல்ல விட்டுப்போச்சு. பாலிசி இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. தேர்ட் பார்ட்டியும் அதில் இல்லை. பழசை விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் புதுசாகவே போடச் சொல்லிவிட்டார் ஏஜென்ட். திங்கட்கிழமைக்குள் வராது. அதுவரை படகு மச்சான் தேங்காய்க் களத்தில் டிரெய்லர் மேல் நிற்கும். எல்லோருக்கும் நன்றி.

சங்ககிரி லாரி: டிரெய்லரா? அப்போ டயர் இருக்கிறதே, சர்வேயர் ஐயா!