மறு: ‘ஸ்டார்டிங் டோஸ்’ – ‘தொடக்க வேளையளவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். நீரிழிவு வந்த நாய்க்கு முதன்முதலில் போடத் தொடங்கும் இன்சுலின் அளவை என்னவென்று சொல்வது என்பதுதான் பேச்சு. அகராதிக்கு மட்டுமான சொல்லாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது நாய் வளர்ப்பவர் கையில் கொடுக்கும் குறிப்புத்தாளுக்கான சொல். அந்தத் தாளை ஒரு கையிலும் ஊசியை மறு கையிலும் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

> ‘சரியான ஆரம்ப அளவு’ என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எங்களுக்குக் கிடைத்த தாளிலும் ‘சரியான அளவு’ என்றுதான் இருந்தது. நான்காம் நாளும் எங்கள் நாய் தண்ணீர்க் கிண்ணத்தை நக்கி நக்கிக் காலி செய்துகொண்டே இருந்தது. ராத்திரியில் இரண்டு தடவை வெளியே போக வேண்டும் என்று கதவைப் பிராண்டியது. சரியான அளவென்றால் இதற்குள் கேட்டிருக்க வேண்டுமே, நாம்தான் குறைவாக இழுத்துவிட்டோமோ என்று ஒரு யூனிட் கூட்டிப்போடத் துணிந்துவிட்டேன். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் மருத்துவரைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: இது நோயை அடக்குகிற அளவு இல்லை, நாயைக் கவிழ்த்துவிடாத அளவு.

கணக்கும் அப்படித்தான் போடப்படுகிறது. வழக்கமாக நாயின் எடையில் கிலோவுக்கு 0.25 யூனிட், சிலர் 0.5 வரை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு. 11 கிலோ நாய்க்கு 2.75 வந்தால் 3 ஆக ஏற்றாமல் 2-க்கு இறக்கிக்கொள்கிற மருத்துவர்களும் உண்டு. முதல் நாளே சர்க்கரையை அளந்து பார்த்தால், அது மட்டுக்கு மீறி இறங்கவில்லையே என்று உறுதிசெய்துகொள்ளத்தான். உடம்பு அந்த அளவுக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். அதன் பிறகுதான் 12 மணி நேரத்தில் சர்க்கரை ஏறி இறங்குவதைப் பார்த்து, 10 முதல் 25 விழுக்காடு கூட்டுவதோ குறைப்பதோ. அவசரப்பட்டுக் கூட்டினால் சர்க்கரை (டெசிலிட்டருக்கு) 60 மில்லிகிராமுக்குக் கீழே போய் நாய் தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். ஆகவே ‘சரியான’ என்ற அடைமொழி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

> வெள்ளோட்ட அளவு

அழகான சொல். இன்னும் மாறப்போகிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் தயங்குகிறேன். வெள்ளோட்டம் என்றால் உண்மையான ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். இங்கே முதல் ஊசியே உண்மையான ஊசி. ஒத்திகைதானே, இன்று ஒரு வேளை விட்டுப்போனால் என்ன என்று யாராவது நினைத்துவிட்டால்?

> பதம்பார்ப்பு அளவு

இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாகுக்குப் பதம் பார்ப்பதும் தமிழ்தான், கல் காலைப் பதம் பார்த்தது என்பதும் தமிழ்தான். ஊசி விஷயத்தில் இரண்டாவது பொருள்தான் முதலில் மனதில் தைக்கும். அப்புறம், ஒரு சோற்றைப் பார்த்துப் பானைக்கே பதம் சொல்கிற பழக்கம் இந்த நோயில் அறவே உதவாது. காலையில் ஒரு தடவை குத்திப் பார்த்த எண்ணை வைத்து அன்றைய நாள் முழுவதும் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அளந்து கோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். ‘மருந்தளவு’ நல்ல சொல், நிலைத்துவிட்ட சொல். ஆனால் அது ஒரு ஊசிக்கா, ஒரு நாளுக்கா என்று சொல்வதில்லை. கிலோவுக்கு 0.25 என்பது ஒவ்வொரு ஊசிக்கும். 8 கிலோ நாய்க்குக் காலையில் 2, மாலையில் 2. இதை நாள் கணக்கென்று எடுத்துக்கொண்டு காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டவரை எனக்குத் தெரியும். தமிழில் ‘வேளை’ என்றொரு சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ‘மூன்று வேளை மருந்து’ என்று பாட்டிமார் சொல்லும் அதே வேளை. எனவே ‘தொடக்க வேளையளவு’.

தொடக்கம் தாண்டிய பிறகு போட்டுவரும் அளவுக்கு ‘நிலை அளவு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இந்த நோயில் நிலையானது எதுவும் இல்லை. பல்லில் சீழ் பிடித்தாலோ, கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் வந்து போனாலோ தேவை ஏறிவிடும். அதனால் ‘நடப்பு வேளையளவு’ என்கிறேன். எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் தேதி போட்டு அதைத்தான் எழுதிவருகிறோம். ‘தொடக்க’ என்பதை அடித்துவிட்டு ‘நடப்பு’ என்று எழுதிய அன்று எண்ணும் மாறியிருந்தது.

> யூனிட்டுக்கு ‘அலகு’ போதுமே?

பாடநூலுக்குப் போதும். குறிப்புத்தாளில் ‘யூனிட்’ என்றே இருக்கட்டும், குப்பியில் அப்படித்தான் படிக்கிறார்கள். ஊசிக்குழலின் கோடுகளை எண்ணி வீட்டுப் பேச்சில் சொல்லும் ‘மூணு கோடு’தான் என்னை உண்மையில் பயமுறுத்துகிறது. நாய்களுக்கென்று வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். மனிதர்களுக்கானதில் 100 யூனிட் வகையும் உண்டு. இரண்டுக்கும் ஊசிக்குழல் வேறு. 40 வகை மருந்தை 100 வகைக் குழலில் 3 வரை இழுத்தால் உள்ளே போவது 1.2 யூனிட்தான். மாற்றி எடுத்தாலோ 7.5 யூனிட். ‘கோடு’ என்ற சொல் தாளில் எங்கும் வரக்கூடாது.

இன்சுலினுக்கே தமிழ்ப்பெயர் வேண்டும் என்ற யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைப்போம். லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு, கணையத்தில் தீவுத் திட்டுகளாக இருக்கும் செல்களிலிருந்து வருவதால் அந்தப் பெயர் என்பது உண்மைதான். ஆனால் இருட்டில் மருந்து வாங்க ஓடுகிறவருக்கு இன்சுலின் என்ற பெயர்தான் கைகொடுக்கும்.

தாளுக்கு என் வரைவு:

“இது தொடக்க வேளையளவு. ஒவ்வொரு ஊசிக்கும் இவ்வளவு யூனிட். முதல் வாரத்தில் தாகம் குறையாவிட்டாலும் நீங்களாகக் கூட்ட வேண்டாம். நாய் சாப்பிடாவிட்டால் ஊசி போடும் முன் எங்களைக் கேளுங்கள்.”

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு போவதற்கு (‘டைட்ரேஷன்’) இன்னும் சொல் அகப்படவில்லை. வேதியியலின் ‘தரம்பார்த்தல்’ இங்கே ஒட்டவில்லை. ‘அளவு கூட்டுதல்’ என்றால் ஏற்றுவது மட்டும்தான் என்றாகிவிடும். வீணைக்குச் சுருதி சேர்ப்பதுபோல ‘அளவு சேர்த்தல்’ எனலாமா? கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்