புதுப்பிப்பு: உப்புவெளி மணலில் நின்றுபோன ட்ரக்

உப்புவெளிக் கடற்கரையில் ஓட்டும்போது என்னுடைய 1/10 அளவு ரிமோட் ட்ரக் ஐந்தே நிமிடத்தில் சூடேறி நின்றுவிடுவதாகவும், மோட்டார் பழுதென்று நினைப்பதாகவும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அந்தக் கணிப்புத் தவறு. பின்சில்லுகளைக் கழற்றி அச்சை விரலால் சுழற்றியபோது, வலப்பக்கம் மணல் அரைபடும் சத்தத்துடன் அரைச் சுற்றிலேயே இறுகியது. அச்சைத் தாங்கிச் சுழலவிடும் 5×11×4 மில்லிமீற்றர் பேரிங்கின் குண்டுகள் உப்பில் துருவேறி, கிறீஸ் இருந்த இடத்தில் செங்கல் நிறப் பசைதான் மிஞ்சியிருந்தது. அந்த இறுக்கத்தை மீறிச் சுழல மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்ததால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சூடாகித் தன்னைக் காத்துக்கொள்ளவே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. மோட்டார் வாங்குமுன் சில்லைச் சுற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி, பெருஞ்செலவு தப்பியது.

நான்கு சில்லுகளுக்கும் றப்பர் மூடியுள்ள பேரிங்குகளைப் போட்டேன். கழற்றிய கையோடு, பினியனுக்கும் (மோட்டார் அச்சிலுள்ள சிறிய பற்சக்கரம்) அது சுழற்றும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய தாள் துண்டொன்றை வைத்து இடைவெளியையும் சரிசெய்தேன். நேற்று மாலை 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி குறைந்து கருவி தானாக நிறுத்தும்வரை ஓட்டிய பிறகும், மோட்டாரில் விரலை வைத்திருக்க முடிந்தது. இனி ஓட்டிய அன்றிரவே மணலைத் தூரிகையால் தட்டி, நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் பேரிங்குகளுக்கு ஒரு துளி எண்ணெய் விடுவதாக இருக்கிறேன். அலையோரத்தில் ஓட்டும் ஆசையை மட்டும் விட்டுவிட்டேன்.