அருவி முறையில் முந்தைய கட்டத்திற்குத் திரும்பவே கூடாதா?

கேள்வி:
தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, பராமரிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக நகரும், மென்பொருள் உருவாக்கத்துக்கான அருவி (waterfall) முறையை வகுத்தவர் வின்ஸ்டன் ராய்ஸ் என்று பாடக்குறிப்பில் படித்தேன். ஒப்புதல் பெற்ற கட்டத்திற்கு மீண்டும் திரும்பக் கூடாது என்பதும் அவர் கூறியதுதானா? சோதனையின்போது வடிவமைப்பிலேயே பிழை இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது?

மறுமொழி 1:
அவர் அப்படிக் கூறவில்லை. 1970ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தை வரைந்தார். ‘அருவி’ என்ற சொல் அதில் இல்லை. வரைந்த கையோடு, இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்றும் எழுதினார். நினைவகம் போதுமா, கணக்கீடு உரிய நேரத்தில் முடியுமா என்பவையெல்லாம் அதுவரை தாளில் கணித்தவையே. சோதனைக் கட்டத்தில்தான் அவை முதன்முதலாக மெய்யாகத் தெரியவருகின்றன. அங்கே இடறினால் சில வரி நிரலைத் திருத்தி ஒப்பேற்ற முடியாது. வடிவமைப்பையோ தேவைகளையோ மாற்ற நேர்ந்து, காலமும் செலவும் இருமடங்கு வரை போகலாம் என்பது அவர் காட்டிய காரணம். ஆகவே, முன்பு செய்திராத வகை மென்பொருளாயின், முன்னோட்டமாக ஒருமுறை உருவாக்கிப் பார்த்துவிட்டு, இரண்டாவதாகச் செய்வதையே வாடிக்கையாளரிடம் கொடுக்குமாறு பரிந்துரைத்தார்.

மறுமொழி 2:
வரலாறு சரி. ஆனால் திரும்ப விடாமல் தடுப்பது பெரும்பாலும் ஒப்பந்தமே என்பது என் கருத்து. கட்டத்துக்குக் கட்டம் கையொப்பமிட்டுப் பணம் பெறும் ஏற்பாட்டில், பின்னோக்கிச் செல்வது தவற்றை ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. கட்டங்களின் வரிசையைக் குறை சொல்வதற்கில்லை. வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் அஜைல் முறையின் இரண்டு வார ஸ்பிரிண்டிலும் (ஒரு சுற்று) யோசித்து, எழுதி, சோதிக்கத்தான் செய்கிறோம், பிழை தெரியவரும் காலம்தான் சுருங்குகிறது.

மறுமொழி 3:
அருவி முறையைக் கைவிட முடியாத திட்டமெனில், ஒவ்வொரு கட்டத்துக்கும் இணையாக ஒரு சோதனையை வைக்கும் வி-மாதிரியைப் (V-model) பாருங்கள். அதில் தேவைகளை எழுதும்போதே ஏற்புச் சோதனையையும் (வாடிக்கையாளர் கேட்டது கிடைத்ததா என்று பார்ப்பது), வடிவமைக்கும்போதே ஒருங்கிணைப்புச் சோதனையையும் (பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றனவா என்று பார்ப்பது) திட்டமிடுவார்கள். சோதனையை ஓட்டுவது கடைசியில்தான் என்றாலும், எப்படிச் சோதிப்பது என்று எழுதத் தொடங்கினாலே தேவைகளிலுள்ள பல ஓட்டைகள் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என் திட்டத்திலுள்ள ‘பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்’ என்ற தேவைக்குச் சோதனை எழுத முயன்றேன், எழுத இயலவில்லை. வடிவமைப்பைத் தொடங்குமுன் அந்த வரியைத் திருத்தி எழுதுகிறேன்.