65 சதவீதம் என்றால் எதில் 65?

பொள்ளாச்சிப் பயணி:
கணக்குப்பிள்ளை ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. “மறுவிற்பனை விலையைப் பார்க்காமல் கார் வாங்குகிறவனுக்குப் பணத்தின் அருமை தெரியாது. ஏழு ஆண்டு ஓட்டிய பிறகும் என் காருக்கு 65 சதவீதம் திரும்பக் கிடைத்தது” என்கிறார். அவர் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். 2018 ஆகஸ்டில் ஷோரூம் விலை 6.40 லட்சம். 2025 ஆகஸ்டில் விற்றது 4.16 லட்சம். ஆனால் சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து வண்டி வாசலில் வந்து நிற்க அவர் கொடுத்தது 7.45 லட்சம். அதில் போட்டுப் பார்த்தால் 56 சதவீதம்கூட முழுதாக வரவில்லை.

2018-இல் அதே மாதம் நான் வாங்கிய கார், அதேபோல் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை 5.90 லட்சம். அதுவும் 2025 ஆகஸ்டில்தான் கைமாறியது, 2.75 லட்சத்துக்கு. அவருக்குப் போனது 3.29 லட்சம், எனக்குப் போனது 3.15 லட்சம். அவர் முதலிலேயே கூடுதலாக முடக்கிய 1.55 லட்சத்துக்கு 7 சதவீதத் தனிவட்டி போட்டாலும் ஏழு ஆண்டுக்கு 75,950 ரூபாய். அருமை தெரியாதவன் யார்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, 32 ஆண்டு கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். தேய்மானம் எதிலிருந்து கழிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேண்டாம். காப்பீட்டில் வண்டியின் மதிப்பை ஷோரூம் விலையை வைத்துத்தான் போடுகிறார்கள். ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதம் கழிக்கிறார்கள், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். சாலை வரி அரசாங்கத்துக்குப் போனது. அதைக் காரின் விலை என்று சொல்வது என்ன நியாயம்? 65 சதவீதம்தான்.

பொள்ளாச்சிப் பயணி:
அந்த அட்டவணை வண்டி திருடுபோனால், முழுதாகச் சிதைந்தால் இழப்பீடு கொடுப்பதற்கு. ஐந்தாண்டு தாண்டிய வண்டிக்கு அட்டவணையே கிடையாது, இருதரப்பும் பேசி முடிவு செய்வதுதான். உங்கள் வண்டிக்கு ஏழு ஆண்டு.

வரி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கட்டியது ஆயுட்கால வரி. அன்று 10 லட்சம் வரையிலான காருக்கு 10 சதவீதம். அது உங்களோடு முடியவில்லை, வண்டியோடு போகிறது. வாங்கியவர் மிச்ச ஆண்டுகளுக்கு வரி கட்டாமல் ஓட்டுகிறார். அதற்கும் சேர்த்துத்தான் 4.16 லட்சம் கொடுத்தார். விற்கும்போது வரியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, வாங்கியபோது கொடுத்த வரியை மட்டும் மறைப்பது எந்த ஊர்க் கணக்கு?

மருதமலை டீசல்:
இரண்டு பேரும் பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை போட்ட டெல்லியில் அப்படியொரு வண்டி விற்க இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மறுவிற்பனை என்றால் என்னவென்று புரியும்.

பொள்ளாச்சிப் பயணி:
மருதமலை அண்ணே, டெல்லிக்கு இங்கே யாரும் போகவில்லை. போன மாதம் மைலேஜ் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் டீசலை ஊற்றிக் குழப்பினீர்கள்.

மருதமலை டீசல்:
அந்த விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் ஓடியது நானா, நீங்களா?

திண்டுக்கல் ஆசிரியை:
நான் நான்காண்டு பழைய கார் வாங்கினேன். முதல் நான்காண்டு நட்டத்தை இன்னொருவர் சுமந்துவிட்டார். உங்கள் 65, 56 இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை. கூட வந்த மெக்கானிக் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து விரலால் தடவினார். உள்ளே மடிந்திருந்த பகுதியில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டி. அடுத்ததில் விபத்தில் அடிபட்டதா என்று கதவு ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகளை வரிசையாகப் பார்த்தார். மூன்றாவது வண்டிதான் தேறியது.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் பழைய கார் தேடிப் போகும்போது யார் வண்டியைத் தேடுகிறீர்கள் அம்மா? என்னைப் போல் பார்த்து வாங்கிப் பேணியவன் வண்டியைத்தானே! என் வண்டி இரண்டே நாளில் போனது. தம்பியின் வண்டி எத்தனை மாதம் தரகர் வாசலில் வெயில் காய்ந்தது என்று அவரையே கேளுங்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, நல்ல வண்டி வைத்திருந்தவர்கள்கூடத் தரகர்களிடம் என்ன பேச்சு கேட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். விலை மலிவு என்று பாய்கிறவர்கள் அதையெல்லாம் நினைப்பதில்லை.

பொள்ளாச்சிப் பயணி:
மூன்று மாதம் ஆனது. ஒத்துக்கொள்கிறேனே, நான் எதையும் மறைக்கவில்லை. அந்த மூன்று மாதம் நான் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன், நட்டம் இல்லை.

இரண்டே நாளில் போனதற்கு வண்டியின் பெருமை மட்டுமா காரணம்? நீங்கள் விற்ற அடுத்த மாதமே, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்கும். நீங்கள் ஒரு மாதம் தாமதித்திருந்தால் 4.16 வந்திருக்குமா? அந்த யோகத்தைத் திறமை என்று சொல்லி, மற்றவர்களைப் பணத்தின் அருமை தெரியாதவர்கள் என்கிறீர்கள். ஐந்து ஆண்டு மாதத் தவணை கட்டிக் கார் வாங்குகிறவன் 1.55 லட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவான்? விற்கும்போது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இன்றைக்குக் கடன் கூட்டச் சொல்கிறீர்கள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

கணக்குப்பிள்ளை:
யோகமா? மாதம் தவறாமல் கழுவி, எண்ணெய் மாற்றி, சர்வீஸ் ரசீது ஒவ்வொன்றையும் கோப்பில் கோத்து வைத்தேன். அதை யோகம் என்கிறவரோடு என்ன பேசுவது? வாங்கியவர் அந்தக் கோப்பை ஒரு மணி நேரம் புரட்டினார். பேரமே பேசவில்லை.

மருதமலை டீசல்:
வாங்கியவர் உங்கள் சம்பந்தி வீட்டுப் பையன் என்று வேறொரு பதிவில் எழுதியிருந்தீர்களே, ஐயா?

கணக்குப்பிள்ளை:
சொந்தக்காரன் என்றால் பணம் பணமில்லையா? சந்தை விலைதான் கொடுத்தான். வீட்டு விஷயத்தை இங்கே இழுக்க வேண்டாம்.

பொள்ளாச்சிப் பயணி:
சம்பந்தி வீட்டுக்கு விற்றதை வைத்தா ஊருக்கே 65 சதவீதம் என்று முழங்கினீர்கள்! வெளியார் யாராவது விலை கேட்டார்களா? கேட்டிருந்தால் எவ்வளவு கேட்டார்கள்? அதையும் 7.45 லட்சத்தில் போட்டு எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
6.40 லட்சத்தில்தான் போடுவேன்.

திண்டுக்கல் ஆசிரியை:
சேறு படிந்த வண்டிகள் இன்னும் விற்பனைக்கு நிற்கின்றன. அதைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

பொள்ளாச்சிப் பயணி:
அம்மா, தனியாக எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன். ஐயா, வெளியார் கேட்ட விலை?