விவாதம்: அங்கன்வாடியில் செயலி வைத்து அளப்பது மேலாண்மையா, வெறும் கண்காணிப்பா?

மதுரைத்தம்பி:
சமூக சேவை நிறுவனங்களில் மேலாண்மைக் கோட்பாடு என்று பேச்செடுத்தாலே நம்மூரில் முகம் சுளிக்கிறார்கள். இது மனிதர்களோடு செய்கிற வேலை, ஆலை நடத்துகிற மாதிரி நடத்த முடியாது என்று ஒரே பல்லவி. 2021ல் அங்கன்வாடிக் குழந்தைகளின் எடை, உயரம், உணவு எல்லாவற்றையும் போனில் பதிகிற போஷன் டிராக்கர் செயலி வந்ததிலிருந்து பல்லவி இன்னும் சத்தமாகிவிட்டது. என் கட்சி வேறு. வேலையைச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படியையும் அளந்தால்தான் ஏழைக் குழந்தைக்கு ஏதாவது போய்ச் சேரும். அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1911ல் இரும்பாலைக் கூலிகளை வைத்துச் சொன்னது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டுமா? எங்கள் மதுரையையே பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. மெக்டொனால்ட்ஸ் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பர்கர் தருவதைப் பார்த்து, கண்புரை அறுவையும் அப்படி ஏன் நடக்கக் கூடாது என்று கேட்டவர் அவர். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. இங்கே முடிகிறபோதே அங்கே அடுத்தவர் தயார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத அத்தனையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். காசில்லாதவருக்கும் பார்வை கிடைத்தது. இதைவிட என்ன மனிதநேயம் வேண்டும்?

வைகை அக்கா:
தம்பி, அரவிந்த் பற்றி எனக்கும் பெருமைதான். ஆனால் கண்புரை அறுவைக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு இருக்கிறது. நோயாளி அசையாமல் படுத்திருப்பார், மறுநாள் கட்டுப் பிரித்தால் பலன் தெரிந்துவிடும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றால்? வயிற்றுப்போக்காக இருக்கலாம். அம்மா மறுபடி கர்ப்பமாகித் தாய்ப்பாலை நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குக் கொடுத்த சத்துமாவு மூத்த பிள்ளைகளுக்கும் பங்காகியிருக்கலாம், அப்பா வாரச் சம்பளத்தைக் கடையில் விட்டிருக்கலாம். இதில் எதுவும் படிவத்தில் இருக்காது, திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினால்தான் வெளியே வரும்.

நான் அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாப்பாடு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்கு ஆலோசனை என்று ஆறு சேவை அந்த ஒரு டீச்சர், ஒரு ஆயம்மா தலையில். அதற்கு மேல் இப்போது போன். வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு முகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். அம்மா நூறு நாள் வேலையில் இருப்பாள், பதிவு செய்த எண் திருப்பூரில் இருக்கிற புருஷனுடையது, ஓடிபி அங்கே போய் விழும். சிக்னல் கிடைக்கிற மரத்தடியைத் தேடி டீச்சர் நடக்கிற நேரத்தில் இரண்டு வீடு பார்த்திருக்கலாம். செயலியில் தெரிவது மட்டும் வேலையாகிவிட்டது, தெரியாதது தானாக உதிர்ந்துபோகிறது.

சமூகப்பணி மாணவி:
அக்கா சொல்வதைத்தான் அமெரிக்க அரசியல் அறிஞர் லிப்ஸ்கி 1980ல் எழுதினார். மக்களை நேருக்கு நேர் சந்திக்கிற கடைநிலை ஊழியர் தினமும் எடுக்கிற முடிவுகள்தான் கடைசியில் அரசின் கொள்கையாக மாறுகிறது, நேரமும் வசதியும் போதாதபோது அவர் எதைச் செய்வது எதை விடுவது என்று தானே ரேஷன் போடுவார் என்பது அவர் வாதம். செயலி அந்த ரேஷனை அழிக்கவில்லை, யாருக்குச் சாதகமாகப் போடுவது என்பதை மட்டும் மாற்றிவிட்டது. இதற்கு எதிர்த்திசையில் நெதர்லாந்தின் பியூர்ட்சோர்க் என்ற செவிலியர் நிறுவனம் இருக்கிறது. 2006ல் யோஸ் டி பிளாக் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பார்க்கிற செவிலியர், அதிகபட்சம் 12 பேர் ஒரு குழு, மேலாளர் யாரும் கிடையாது. யார் எந்த வீட்டுக்குப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது எல்லாம் குழுவே தீர்மானிக்கும். அதற்கு முன் அங்கே ஊசி போட இத்தனை நிமிஷம், குளிப்பாட்ட இத்தனை நிமிஷம் என்று பிரித்து வைத்திருந்தார்கள், வெறுத்துப் போய்த்தான் இது பிறந்தது.

மதுரைத்தம்பி:
பியூர்ட்சோர்க்கை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். மேலாளர் இல்லை, சரி. ஆனால் வேலை நேரத்தில் இவ்வளவு பங்காவது நோயாளியோடு செலவாக வேண்டும் என்று அங்கேயும் ஓர் அளவுகோல் உண்டு, ஒவ்வொரு குழுவும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் அவர்கள் முறையாகப் படித்த செவிலியர், காப்பீட்டுப் பணம் வருகிற நாடு.

அதை விடுங்கள், நம்மிடமே ஒரு சாட்சி இருக்கிறது. 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு மாதாமாதம் எடை, ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, எடை ஏறியதும் நிறுத்தம். எல்லோருக்கும் எல்லாம் என்பதே கிடையாது. யார் என்ன வேலை, எந்த நாளில் என்று இம்மி பிசகாமல் எழுதி வைத்திருந்தார்கள். டெய்லரே வந்திருந்தால் கைதட்டியிருப்பார். கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகக் குறைந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் அக்கா?

வைகை அக்கா:
நல்ல சாட்சிதான் கொண்டுவந்தாய், ஆனால் அது என் பக்கம் பேசுகிறதே! அந்தத் திட்டத்தில் பணியாளருக்கு வேலை குறைவு. எடை, உணவு, ஆலோசனை, அதோடு சரி. நீ சொல்கிற இம்மி பிசகாத ஒழுங்கு நின்றதே அந்தக் குறைவின் மேல்தான். இப்போது ஆறு சேவையையும் வைத்துக்கொண்டு அதே ஒழுங்கைக் கேட்கிறீர்கள். இரண்டாவது, அங்கே 10 பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். நம் திட்டத்தில் 20, 25 மையத்துக்கு ஒருவர், அதிலும் காலியிடம் என்றால் பக்கத்து வட்டமும் அவர் தலையில்தான். பத்துப் பேர் என்றால் தராசில் குழந்தையை எப்படி நிறுத்துவது என்று கூட நின்று சொல்லிக்கொடுக்க முடியும். இருபத்தைந்து என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடிக்கத்தான் நேரம் இருக்கும்.

ஆள் எடுத்த விதத்தையும் பார். உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நல்ல உடம்போடு வளர்த்தவளாக இருந்தால் அவளுக்கு முன்னுரிமை. அவள் சொன்னால் ஊர் கேட்கும். கூடவே பெண்கள் குழு வேறு. இதெல்லாம் டெய்லர் கணக்கில் எங்கே வருகிறது? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்த அளவுக்கு மிதமான ஊட்டக்குறைவு குறையவில்லை.

வெட்டிப்பேச்சு வேலு:
எல்லாரும் கோட்பாடு பேசுறீங்க, சம்பளம் யார் பேசறது? மத்திய அரசு தருகிற மதிப்பூதியம் அங்கன்வாடிப் பணியாளருக்கு 2018ல் 4,500 ரூபாய் ஆனது, அப்புறம் ஆண்டுக்கணக்காக அதே நிலை. தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று மாநிலம் சேர்த்துக் கொடுக்கிறது, எல்லா மாநிலத்திலும் அப்படியா? இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சேவை செய்கிற தன்னார்வலர் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பீர்கள், முழுநேர ஊழியர் என்று சொல்லி நிமிஷக் கணக்குக் கேட்பீர்கள். எந்த மேலாண்மைப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள் இதை?

மதுரைத்தம்பி:
வேலு அண்ணே, சம்பளத்தில் எனக்கு மறுப்பே இல்லை, உயர்த்தட்டும். ஆனால் சம்பளம் உயர்ந்தால் பதிவேடு உண்மையாகிவிடுமா? செயலிக்கு முந்தைய காலத்தை யாரும் பொன்னாக்க வேண்டாம். எத்தனை மையங்களில் எல்லாக் குழந்தையும் நார்மல் என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதினார்கள்? அக்காவுக்குத் தெரியாததா? போட்டோவும் நேரமும் பதிவானால் அதைச் செய்வது கடினம், அவ்வளவுதான் நான் கேட்பது.

வைகை அக்கா:
தெரியும். ஏன் எழுதினார்கள் என்பதும் தெரியும். வளர்ச்சி அட்டையில் எடைக்குறைவைக் காட்டுகிற சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு குழந்தை என்று எழுதினால், ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து "உன் சென்டர்ல ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வண்டி வேண்டுமா என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. திட்டு வாங்குகிற எண்ணைப் போனில் பதிவு செய்தாலும் அது நார்மலாகத்தான் வரும் தம்பி. போட்டோவில் எடை தெரியாது.

சமூகப்பணி மாணவி:
சரி, நடைமுறைக்கு வருவோம். செயலியை ஒரேயடியாகத் தூக்குவது நடக்காது. அதில் எதை எடுத்துவிடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்?

வைகை அக்கா:
குழந்தைக்கு எடையும் உயரமும் இருக்கட்டும். முகச் சரிபார்ப்பை எடுத்துவிட வேண்டும். கிராமத்தில் எந்தத் தாய் எந்தப் பிள்ளை என்று டீச்சருக்குத் தெரியாதா? எடை ஏறாத குழந்தையின் பெயர் முதலில் மேற்பார்வையாளருக்குப் போகட்டும், ஆய்வுக் கூட்டத்துக்கு அது பிறகு போனால் போதும். வாரத்தில் ஒரு நாள் போனையே தொடாமல் வீடு வீடாகப் போக விடுங்கள்.

மதுரைத்தம்பி:
முகச் சரிபார்ப்பை எடுத்தால் இல்லாத பயனாளி பெயரில் மாவு மூட்டை போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மற்ற இரண்டுக்கும் நான் சரி. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வைகை அக்கா:
பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளரைப் போடு, அவள் கண்டுபிடிப்பாள். காலிப் பணியிடத்தை நிரப்புகிற செலவையும் செயலிக்கு ஆகிற செலவையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லு, அப்புறம் பேசலாம்.